வாசகர் வட்டமும் கொலை வினாவும்: ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் இரு மதுராந்தகர்

திறவுச்சொற்கள்: கல்கி, வாசகர் வட்டம், உடையார்குடிக் கல்வெட்டு, உத்தம சோழன், வரலாற்றுப் புதினம்

அபிராமபுரத்தை ஒட்டிய ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளுக்குக் கூடிப் படிக்கும் மரபு உண்டு. லஸ் பகுதியில் ரானடே நூலகம் நூறாண்டைக் கடந்து நிற்கிறது. 1970இல் தோன்றிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து விவாதித்தது. அங்கே கதை கதையாகவே எடைபோடப்பட்டது. வரலாற்றுப் புதினம் விவாதத்துக்கு வரும்போது அளவுகோல் மாறிவிடுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ பேசப்படும் வட்டங்களில் தவறாமல் எழும் வினா, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதே. புதினத்திற்குரிய இவ்வினா விரைவில் சோழர் வரலாற்றிற்குரிய வினாவாகி, இறுதியில் ஆசிரியர் வரலாற்றாசிரியராக நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகிறார்.

வினா தவறானதன்று, கேட்கப்படும் இடமே தவறானது. கடம்பூர் மாளிகையில் நிகழும் கொலையைக் கல்கி ஒருவர் கையில் திட்டமாக வைத்துக் காட்டவில்லை. நந்தினி, இரவிதாசன், பெரிய பழுவேட்டரையர், ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன் எனப் பலரையும் அவ்விரவில் அங்கே கூட்டிவிட்டு, ஐயத்தைப் பங்கிட்டு வைக்கிறார். பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்ற பின்னும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. இதைத் தொடர்கதையின் தளர்ச்சி என்று கொள்வாரும் உளர். சான்றின் நிலையோடு ஒப்பிட்டால் அது நேர்மை எனவே தோன்றும்.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரைப் பெயர்சுட்டுகிறது. கொலையின் காரணத்தையோ பின்னின்றோரையோ அது கூறவில்லை. அதன் பொருள் நிலம்: துரோகிகள், அவர்தம் உறவினர் ஆகியோரின் உடைமைகள் குறித்த அரசாணையும், அதன்வழி விற்கப்பட்ட நிலம் அறக்கொடையானதும். உத்தம சோழனின் ஏறத்தாழ 15 ஆண்டு ஆட்சியில் இவர்கள் தண்டிக்கப்படாததாகத் தோன்றுவதைக் கொண்டு, கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அவன்மீது ஐயம் கொண்டார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். நில ஆவணம் ஒன்றின் மௌனத்திலிருந்து தண்டனையின் காலத்தை வருவிப்பது வலுவான வாதமன்று என்பதையும் இங்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்பூசலுக்குக் கல்கி தரும் விடை கொலைக்காட்சியில் இல்லை. மதுராந்தகனை இருவராகப் பிளந்ததில் இருக்கிறது. இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், சிற்றப்பன் அரசை விரும்பும்வரை தான் அதனை விரும்புவதில்லை என அருள்மொழி ஒதுங்கியதாகப் புகழ்கின்றன. அப்புகழ்மொழிக்குள்ளேயே உத்தமனின் அரசாசையும் பதிவாகியுள்ளது. கல்கி அவ்வாசையைத் தனியே பிரித்தெடுத்துப் போலி மதுராந்தகனுக்குக் கொடுக்கிறார். அவன் பாண்டிய மரபினனாகி அமரபுஜங்கனாக விலகிச் செல்கிறான். அரியணையோ, பூத்தொண்டு செய்த, அதனை வேண்டாத சேந்தன் அமுதனுக்குக் கிடைக்கிறது. ஆக, ஆசையுற்றவன் அரசனாகவில்லை; அரசனானவன் ஆசையுறவில்லை. சாஸ்திரி கொண்ட ஐயம் விழுவதற்கு இடமே இல்லாமற்போகிறது.

கதையமைப்பு என்ற வகையில் இது மிகத் திறமானது. ஆனால் இதற்கு நாவல் கொடுத்த விலை சிறிதன்று. முதற்பாகத்தின் கடம்பூர்ச் சதிக்கூட்டத்தில் சிற்றரசர்கள் முன்வைப்பது வெறும் சூழ்ச்சியன்று. மூத்தவரான கண்டராதித்தரின் மகனுக்கு உரிமை உண்டு என்னும் அரசியல் வாதம் அது. குழந்தை மாறிய மர்மம் வெளிப்பட்டதும் இவ்வாதம் விடைபெறாமலே மறைந்துபோகிறது. செம்பியன் மாதேவி தம் மகன் முடிசூடுவதை எதிர்ப்பதும் கொள்கையாகத் தொடங்கிப் பிறப்பு இரகசியமாகச் சுருங்குகிறது. வாசகர் வட்டம் ஆசிரியரிடம் கேட்கத்தக்கது இதுவே: இரு கிளைகளின் உரிமைப் பூசலைக் குடும்ப மர்மமாக்கியது ஏன்? 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வாசகரோடு நடந்த கதைக்கு மர்மத்தின் ஈர்ப்பு தேவைப்பட்டது என்பது ஒரு விடை. ‘தியாக சிகரம்’ என்னும் இறுதிப் பாகத்திற்குக் குற்றக்கறை படாத அரசன் தேவைப்பட்டான் என்பது அதனினும் பொருந்தும் விடை. கொலைக்குத் துணைபோனவனுக்கு முடியை விட்டுக்கொடுப்பதைத் தியாகம் எனல் அரிது.

கல்கியின் முதல் வாசகர்களே ஒரு வாசகர் வட்டம்தாம். நாவல் முடிந்ததும் அவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு முடிவுரையில் அவர் விடை கூற நேர்ந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் இந்நாவலின் பெயரால் கூடிய குழுவினருள் சிலர், கதைமாந்தரைத் தேடிச் சென்று கல்வெட்டு வாசிப்பிற்கு வந்து சேர்ந்தனர், முனைவர் இரா. கலைக்கோவனின் வழிகாட்டலில் ‘வரலாறு’ மின்னிதழ் அவ்வாறே உருவாயிற்று. இவ்வழி எல்லா வட்டங்களுக்கும் இயல்வதன்று. எனினும் உடையார்குடிக் கல்வெட்டின் பாடத்தை முதற்பாகத்தின் அருகே வைத்துப் படிப்பது எளிது. அவ்வாறு படிப்போர்க்கு ஒன்று புலப்படும்: அரசாணை சென்றது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு, வந்தியத்தேவன் முதன்முதல் குதிரையில் வந்து தோன்றுவது அதே வீரநாராயண ஏரிக்கரையில்.