கபசுரக் குடிநீர் காப்ஸ்யூல் ஆன கதை

அம்மாவின் மாத்திரை டப்பாவில் போன மாதம் ஒரு புது பாட்டில் முளைத்திருந்தது. கபசுர மூலிகை காப்ஸ்யூல். "தினம் யாருடா அடுப்புல நின்னு காய்ச்சுறது? இதுல ரெண்டு போட்டா அதுக்குச் சமம்னு கடைக்காரத் தம்பி சொன்னாரு" என்றார். சமமா என்று பார்க்க உட்கார்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கினேன், பக்கத்து மெடிக்கலில் மாத்திரை. அம்மாவின் பாட்டிலையும் சேர்த்து மேஜையில் வரிசையாக வைத்தேன்.

கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள்: சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என்று போகும். ஒன்றிரண்டாக இடித்த பொடியில் 5 கிராம் எடுத்து, 240 மில்லி தண்ணீரை 60 மில்லியாகச் சுண்டவைத்து, வடிகட்டிக் குடிக்க வேண்டும். மரபுக் கணக்கில் சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம், காய்ச்சிய குடிநீருக்கு மூன்றே மணி நேரம். அதாவது, கடை அலமாரியில் உட்காரச் செய்த பொருளே இல்லை இது.

அலமாரிக்கு எப்படி வந்தது? 2012 டெங்கு சமயத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சியே கொடுத்தார்கள். கப்பை வாங்கி அங்கேயே நின்று, முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டுப் போவோம். 2020 ஏப்ரலில் 'ஆரோக்கியம்' திட்டம் வந்தபோது கபசுரம் பொடி பாக்கெட்டாகக் கைக்கு வந்தது. காய்ச்சும் வேலை வீட்டுக்கு மாறியது. அரசின் டாம்ப்கால் 1983 முதல் இருக்கிறது, திருவான்மியூர் இம்காப்ஸ் 1944 முதல். ஆனால் அந்த வருஷம் குமணன்சாவடி மளிகைக் கடைகளில்கூட மாஸ்க்குக்குப் பக்கத்தில் கபசுரப் பாக்கெட் தொங்கியது. அலை ஓய்ந்ததும் வியாபாரத்துக்குக் காய்ச்சல்காரர் போதவில்லை, தினசரி வாடிக்கையாளர் தேவைப்பட்டார் என்பது என் ஊகம். தினமும் யார் காய்ச்சுவார்கள்? ஆகவே காப்ஸ்யூல்.

இப்போது கணக்கு. ஒரு காப்ஸ்யூல் 500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு இரண்டு. ஆக 1 கிராம். உள்ளே இருப்பது வெறும் பொடி என்றால் ஒரு வேளைப் பொடியில் ஐந்தில் ஒரு பங்குதான், அதுவும் தண்ணீரில் இறங்கிய சாரம் அல்ல, சக்கையோடு சேர்த்து. சாறெடுத்துச் சுண்டவைத்த எக்ஸ்ட்ராக்ட் என்றால் எத்தனை கிராம் பொடியிலிருந்து 1 கிராம் எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். லேபிளில் இரண்டும் இல்லை. யூனிட் போடாத எண்ணை என் டீமில் யாராவது கோடில் எழுதினால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதைவிடப் பெரிய வேடிக்கை பாட்டிலின் பின்பக்கம். மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் சித்த மருந்து லைசென்ஸ் எண் இருக்கிறது. அம்மாவின் பாட்டிலில் இருப்பது 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவு. கூடவே பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. ஹெல்த் சப்ளிமென்டுகளில் இந்த வரி இருக்க வேண்டும் என்பது 2016 விதிமுறை. முன்பக்கம் ஜுரத்தின் பெயர், பின்பக்கம் மருந்து இல்லை என்ற கைவிரிப்பு. சட்டப்படி அவர்களுக்கு அது வசதியாகக்கூட இருக்கலாம். அம்மாவுக்கு எந்தப் பக்கம் கண்ணில் படும்?

உணவுதானே, தினமும் சாப்பிட்டால் என்ன என்பவர்களுக்கு ஒரு தகவல். 2021ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் சீந்தில்மேல் பழி போடுவதை ஏற்கவில்லை. அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் காய்ச்சலுக்கு ஐந்து நாள் குடிப்பதும், சர்க்கரை மாத்திரை போடும் எழுபது வயதுக்காரர் வருஷம் முழுக்க விழுங்குவதும் ஒன்றல்ல.

பாட்டிலில் இருந்த கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் போட்டேன். பொடியா எக்ஸ்ட்ராக்டா என்று கேட்டேன். "நேச்சுரல்தான் சார், பயப்படாம சாப்பிடச் சொல்லுங்க" என்றது ஒரு இனிமையான குரல். இரண்டாம் தடவை கேட்டதும் மெயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பாட்டில் இப்போது என் மேஜையில்தான் இருக்கிறது.