26 நாட்களும் ஒரு சமர்ப்பணமும்

புத்தகம் கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது சமர்ப்பணப் பக்கத்தை. அடுத்து நன்றியுரை. பலரும் தாண்டிப் போய்விடுகிற பக்கங்கள் அவை. எனக்கோ அது எழுத்தில் ஒரு தனிவகை. அதிலும் சுமார், நல்லது, உயர்ந்தது என்று தரம் உண்டு. 'பொறுமை காத்த என் குடும்பத்தாருக்கு' என்பது சுமார். எந்த வீட்டுக்கும் பொருந்திவிடும். வீட்டில் யார், எந்த வேலையைச் செய்து அந்தப் புத்தகத்தைக் கரைசேர்த்தார் என்று தெரியவரும்போதுதான் நன்றிக்கு உயிர் வருகிறது.

ஆனால் நான் ஆக உயர்ந்ததாக நினைக்கும் சமர்ப்பணத்தில் அப்படி எந்த வேலையும் சொல்லப்படவில்லை. ஒரு பெண்ணின் பெயர் மட்டுமே இருக்கிறது. 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலை தஸ்தயெவ்ஸ்கி தன் மனைவி அன்னா கிரிகோரியெவ்னாவுக்குச் சமர்ப்பித்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள உழைப்பைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த ஒற்றை வரி நிற்க வைத்துவிடும்.

கதை 1865இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு முதல் மனைவியும் அண்ணன் மிகையீலும் இறந்துபோயிருந்தார்கள். அண்ணனின் கடன்களையும் தஸ்தயெவ்ஸ்கி தன் தலையில் ஏற்றிக்கொண்டார். அந்த நெருக்கடியில் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் ஒரு புதிய நாவலைத் தர வேண்டும். தவறினால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்துகளை ஒரு காசும் தராமல் அந்தப் பதிப்பாளர் அச்சிட்டுக்கொள்ளலாம். எழுதிப் பிழைக்கிற மனிதருக்கு இதைவிடக் கொடிய சுருக்குக் கயிறு கிடையாது. 1866 முழுவதும் அவர் 'குற்றமும் தண்டனையும்' தொடரில் மூழ்கியிருந்தார். அக்டோபர் பிறந்தபோது புதிய நாவலில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நண்பர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுதித் தருகிறோம், உன் பெயரைப் போட்டுக்கொள் என்றார்கள். பிறர் எழுதியதில் கையெழுத்திட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பிறகுதான் நண்பர் மில்யுகோவ், சுருக்கெழுத்தாளர் ஒருவரை வைத்துச் சொல்லி எழுதலாமே என்றார். பீட்டர்ஸ்பர்க்கில் அப்போதுதான் ஓல்கின் என்பவர் சுருக்கெழுத்து வகுப்பு நடத்திவந்தார். அவருடைய சிறந்த மாணவி, 20 வயது அன்னா ஸ்னீத்கினா. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் 4 அன்று, புதிய பென்சில்களும் ஒரு சிறு கைப்பையும் வாங்கிக்கொண்டு, அவர் தஸ்தயெவ்ஸ்கியின் வீட்டுக் கதவைத் தட்டினார். பேசிய கூலி 50 ரூபிள்.

முதல் நாள் நன்றாகப் போகவில்லை. சோதித்துப் பார்க்க அவர் வேகமாகச் சொன்னார். அன்னா சுருக்கெழுத்தில் எடுத்து வழக்கமான எழுத்தில் பெயர்த்ததில் ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டதற்குக் கடிந்துகொண்டார். அதற்கு அடுத்து வந்த நாட்கள்தான் எனக்குப் பிடித்தமானவை. பகல் பன்னிரண்டு மணிக்கு அன்னா வருவார். நான்கு மணிவரை, அரை மணி அரை மணியாக மூன்று தவணைகளில் அவர் சொல்லச் சொல்ல எடுத்துக்கொள்வார். இடையில் பேச்சு. வீட்டுக்குப் போய் இரவில் அத்தனையையும் பெயர்த்துச் சுத்தப்பிரதி எடுத்து மறுநாள் கொண்டுவருவார். அதை அவர் திருத்துவார். மீண்டும் சொல்லத் தொடங்குவார்.

நம்மூரில் 'ஷார்ட்ஹேண்ட் ஹையர்' என்ற சுருக்கெழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: எடுப்பது பாதி வேலைதான். சூடு ஆறுவதற்குள் பெயர்க்காவிட்டால் நம் கோடுகளே நம்மை ஏமாற்றும். சொல்பவர் வாக்கியத்தின் நடுவில் மனம் மாறுவார். பாதியை அழித்து வேறு பக்கம் போவார். எதை விட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று எடுப்பவரின் காது தீர்மானிக்க வேண்டும். அரசு அலுவலகக் கடிதத்துக்கே இந்தப் பாடு. அறைக்குள் நடந்தபடி ஒரு நாவலாசிரியர் மனத்தில் உருவாகிக்கொண்டிருப்பதைப் பிடிக்கும் காதுக்கு எவ்வளவு கூர்மை வேண்டும்! அன்னா அதைச் செய்தார். வகுப்பில் சேர்ந்த பலர் இந்தக் கோடுகள் விளங்காமல் விட்டுப் போனபோது, நோயுற்றிருந்த தந்தையின் வற்புறுத்தலால் தொடர்ந்து படித்தவர் அவர். அந்தத் தந்தை தஸ்தயெவ்ஸ்கியின் தீவிர வாசகர். மகளின் முதல் வேலை அந்த எழுத்தாளரிடம்தான் என்பதைக் காண அவர் இருக்கவில்லை. அந்த ஆண்டே இறந்துபோனார்.

இன்னொன்றையும் அன்னா செய்தார். முடிந்த பக்கங்களை எண்ணிச் சொன்னார். இத்தனை ஆயிற்று, இன்னும் இத்தனைதான் என்று கேட்கக் கேட்க, முடியவே முடியாது என்று துவண்டிருந்த மனிதர் நிமிர்ந்தார். கதையைப் பற்றியும் அன்னா பேசினார். சூதாட்டத்தில் தன்னை இழக்கும் நாயகனின் பலவீனம் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். தஸ்தயெவ்ஸ்கி நாயகன் பக்கம் நின்று வாதாடினார். 26 நாட்களில், அக்டோபர் 29 அன்று, 'சூதாடி' முடிந்தது. மறுநாள் தஸ்தயெவ்ஸ்கியின் பிறந்தநாள். அன்றுதான் கடைசிப் பகுதியின் சுத்தப்பிரதி அவர் கைக்கு வந்தது.

பதிப்பாளர் ஊரில் இல்லாமல் போய்விடுவார் என்ற அச்சம் முன்பே இருந்தது. அன்னாவின் தாய் தமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் யோசனை கேட்டுவந்தார்: கைப்பிரதியை அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டால் போதும். அச்சம் பலித்தது. வீட்டில் ஆள் இல்லை. பதிப்பகத்தில் இருந்தவர் வாங்க மறுத்தார். இரவு பத்து மணிக்குக் காவல் அலுவலகத்தில் கொடுத்து, கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது ரசீது பெற்றார் தஸ்தயெவ்ஸ்கி. வழக்கறிஞருக்கும் ஆசிரியருக்கும் இடையில் தூது நின்ற இந்தத் தாயைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்த ஒரு யோசனை இல்லாவிட்டால் 26 நாள் உழைப்பும் பாழ்.

1867 பிப்ரவரியில் இருவரும் மணந்துகொண்டார்கள். இந்த 26 நாட்களை வைத்துப் பெரும்படவம் ஸ்ரீதரன் மலையாளத்தில் எழுதிய 'ஒரு சங்கீர்த்தனம் போலே' பெரும்புகழ் பெற்ற நாவல். காதல் கதையாக இதைப் படிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அன்னாவை, எல்லாவற்றையும் சகித்துக்கொண்ட மனைவி என்று மட்டும் போற்றுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கணவரின் சூதாட்டத்தையும் வலிப்பையும் வறுமையையும் அவர் தாங்கினார் என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, அவர் ஒரு தேர்ந்த தொழிலாளி. திருமணத்துக்குப் பிறகும் சுருக்கெழுத்தை விடவில்லை. 1873இல் கணவரின் நாவலைத் தாங்களே அச்சிட்டு, வீட்டிலிருந்தே விற்று, கடன்காரர்களையும் தானே சமாளித்தார்.

1878 மே மாதம் அவர்களுடைய மகன் அல்யோஷா, மூன்று வயது நிறையுமுன், வலிப்பில் இறந்துபோனான். நொறுங்கிப்போன கணவரை ஆப்தினா மடத்துக்கு அனுப்ப அன்னா ஏற்பாடு செய்தார். இளம் தத்துவ அறிஞர் விளாதிமிர் சலவியோவைத் துணைக்குப் போகச் சொன்னார். திரும்பி வந்த தஸ்தயெவ்ஸ்கி எழுதியதுதான் 'கரமாசவ் சகோதரர்கள்'. நாயகனின் பெயர் அல்யோஷா. மூத்த துறவி ஸொசிமாவிடம் மகனை இழந்த ஓர் ஏழைத் தாய் புலம்பும் அத்தியாயத்தில் தன்னுடைய சொற்களும் தன்னுடைய ஆற்றாமையும் இருப்பதாக அன்னா தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். அந்தச் சொற்களைக் கணவர் சொல்ல, அவரே உட்கார்ந்து எடுத்துப் பெயர்த்திருக்கிறார். இறந்த மகனுக்காகத் தான் அழுத அழுகையைத் தன் கையாலேயே பிரதி எடுத்த தாய். அந்தப் புத்தகம்தான் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேலையைச் சமர்ப்பணம் சொல்லவில்லை, நாவல் சொல்லிவிட்டது. அதனால்தான் அந்த ஒற்றைப் பெயர் போதுமானதாக இருக்கிறது.

1881 தொடக்கத்தில் தஸ்தயெவ்ஸ்கி இறந்தார். அன்னா 1918வரை வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவரின் நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்துக்கொண்டே இருந்தார்.

எழுதி முடித்துவிட்டு நன்றியுரைக்காக உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் யாருக்கும் ஒரு கரமாசவ் வாய்க்கப்போவதில்லை. ஆகவே பெயரை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார், யார் குழந்தையை மாலை நேரத்தில் பூங்காவுக்குக் கூட்டிப்போனார், யார் முதல் பிரதியைப் படித்து இது சரியில்லை என்றார் என்பதை வேலையின் பெயரோடு எழுதுங்கள். ஒரு பக்கம் கூடிப்போனால் பதிப்பாளர் பொறுத்துக்கொள்வார்.