கண்ணாடிக்குள் விமானம்

'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயர் எங்கே பிறந்தது தெரியுமா? வீடியோ கேம் கம்பெனியில் அல்ல, போயிங்கில். விமானத்துக்குள் ஓடும் வயர்களைக் கட்டு கட்டாகச் சேர்க்கப் பெரிய பலகைகளில் படம் வரைந்து, அதன் மேல் வயரை ஓட்டுவார்கள். மாடலுக்கு மாடல் பலகை மாறும். 'பலகை எதற்கு? கண்ணாடி மாட்டிவிட்டால் வழி கண்ணெதிரே தெரியுமே' என்று டாம் காடல், டேவிட் மிசெல் இருவரும் 1992-ல் கட்டுரை எழுதினார்கள். வர்ச்சுவல் ரியாலிட்டி முழுசாக வேறு உலகத்தைக் காட்டும். இது நிஜத்தின் மேலேயே கோடு போடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரயோஜனம் இல்லாமல் இல்லை. ஏர்பஸ் ஏ380-ல் வயர், குழாய்களைத் தாங்கும் சின்னச் சின்னப் பிடிப்புகள் 60,000-க்கும் மேல். ஒவ்வொன்றும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் ஆனதாம். கையடக்கத் திரையில் டிசைனையும் நிஜத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டியதும் மூன்றே நாள் என்கிறது ஏர்பஸ். நல்ல விஷயம், பாராட்டலாம்.

ஆனால், இதே ஏ380 இன்னொரு பாடமும் சொல்கிறது. 2006-ல் ஹாம்பர்க்கிலிருந்து வந்த வயர்க்கட்டுகள் துலூஸில் பொருந்தவில்லை. நீளம் போதவில்லை. டிசைன் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு ஓர் ஊரில், புதியது மற்ற ஊரில். கம்ப்யூட்டரில் எல்லாம் கனகச்சிதம்! முதல் டெலிவரி 2007 அக்டோபர் வரை தள்ளிப்போனது.

2021 டிசம்பரில் போயிங்கின் தலைமை இன்ஜினீயர் கிரெக் ஹிஸ்லப், ராய்ட்டர்ஸுக்குக் கொடுத்த பேட்டியில் அடுத்த விமானத்தை டிஜிட்டல் இரட்டையோடு உருவாக்குவோம், மெக்கானிக்குகள் ஹோலோலென்ஸ் மாட்டியிருப்பார்கள் என்றார். தரக்கோளாறுகளில் 70 சதவிகிதத்துக்கு மேல் டிசைனில்தான் ஆரம்பிக்கிறது என்பது அவர் கட்சி.

மீதி 30 சதவிகிதம்? 2024 ஜனவரி 5. அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 சுமார் 16,000 அடி உயரத்தில் போகும்போது, கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பலகம் பிய்த்துக்கொண்டு போனது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. டிசைன்படி இருக்க வேண்டிய நான்கு போல்ட் அங்கே இல்லவே இல்லை. தொழிற்சாலையில் ரிவெட்டைச் சரிசெய்யப் பலகத்தைத் திறந்தவர்கள், போல்ட்டைத் திரும்பப் போடவில்லை. திறந்ததற்கு ஒரு வரி பதிவும் கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். எத்தனை லட்ச ரூபாய்க் கண்ணாடி மாட்டினாலும் அது என்ன காட்டும்? 'இங்கே போல்ட் போடு' என்று சொல்ல, யாரோ கழற்றியது அதற்குத் தெரிய வேண்டாமா? கண்ணாடி பதிவேட்டைத்தான் படிக்கும், மெக்கானிக்கின் மனசை அல்ல.

அந்த ஹோலோலென்ஸ் உற்பத்தியையே மைக்ரோசாஃப்ட் 2024-ல் நிறுத்திவிட்டது. விமானமோ முப்பது வருஷம் பறக்க வேண்டிய சமாசாரம்.

கண்ணாடி வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை யாராவது இதைப் பற்றிப் பிரமாதமாக டெமோ காட்டினால், கைதட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'சார், கழற்றினதை யார் எழுதி வைக்கிறாங்க?'