சாம்பல் இல்லாத நெருப்பு
காமின் வைத்த வரவேற்பறைகள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

செப்ரெம்பர் பிறந்ததும் தளபாடக் கடைகளின் விளம்பரப் பிரசுரங்கள் எமது தபாற்பெட்டிகளை நிறைக்கத் தொடங்கிவிடுகின்றன. விளம்பரம் போட வேண்டாம் என்று பெட்டியில் ஒட்டி வைத்தாலும் எப்படியோ வந்து விழும். 1960இலிருந்து வந்துகொண்டிருக்கும் 'ஷோனர் வோனன்' போன்ற வீட்டு அலங்காரச் சஞ்சிகைகளையும் இவற்றோடு சேர்த்துப் புரட்டினால், குளிர்காலத்து ஜேர்மன் வரவேற்பறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கணமே கிடைத்துவிடுகிறது. அந்த இலக்கணத்தின் மையம் காமின், அதாவது சுவரில் பதித்த கணப்படுப்பு.

கதையும் கவிதையும் விமர்சிக்கப்படும் பக்கங்களில் இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு வருடத்தில் நாம் வாசிக்கும் நாவல்களைவிட இந்தப் படங்களைத்தான் கூடுதலாகப் பார்க்கிறோம். எம்மவர் பலர் வீடு வாங்கியதும் முதலில் எடுத்து விரிப்பது இவற்றைத்தான். எது அழகு, எது நல்ல வாழ்க்கை என்று எமக்குச் சொல்லித்தரும் பிரதிகள் இவை. ஆகவே ஒரு சிறுகதையைப் படிப்பதுபோல இவற்றையும் படித்துப் பார்க்கலாம்.

படத்தில் என்ன இருக்கிறது? சாம்பல்நிறச் சோபா. ஆட்டுத்தோல் விரிப்பு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மூன்று கட்டைகள் ஒரே உயரத்தில் எரிகின்றன. பக்கத்தில் கூரை முட்ட அடுக்கிய விறகு, வெட்டுமுகம் எம்மைப் பார்த்தபடி. அநேகமாக ஆளில்லை. இருந்தால் கம்பளிக் காலுறை போட்ட இரண்டு கால்கள், ஒரு கோப்பை. என்ன இல்லை? சாம்பல்வாளி இல்லை. விளக்குமாறு இல்லை. கண்ணாடியில் கரி இல்லை. விறகு சுமந்து வந்தவரின் சப்பாத்துத் தடம் இல்லை. கதையென்றால், இந்த நெருப்பை மூட்டியது யார் என்று முதல் வாசகனே கேட்டிருப்பான்.

நாம் வேலை செய்த உணவுவிடுதி ஒன்றில் விருந்தினர் பகுதியில் இப்படியொரு காமின் இருந்தது. காலையில் உருளைக்கிழங்கு உரிக்க முன்னர் எமது முதல் வேலை அதன் சாம்பலை அள்ளுவது. முதல்நாள் இரவின் தணல் சாம்பலுக்குள் ஒளிந்து கிடக்கும். ஆகவே மூடியுள்ள தகர வாளியில் அள்ளி, முற்றத்துக் கல்லில் வைத்து ஆறவிட வேண்டும். கரி பிடித்த கண்ணாடிக்கு மருந்து வேண்டாம். ஈரப் பத்திரிகைத் தாளைச் சாம்பலில் தொட்டு உரசினால் போதும். சாம்பல் போட்டுச் சட்டிபானை மினுக்கிய வீடுகளிலிருந்து வந்த எமக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. அந்த அரை மணித்தியாலம் சம்பளக் கணக்கில் ஏறவில்லை என்பது வேறு கதை. காமினுக்கு அருகிலுள்ள மேசைக்குத்தான் எப்போதும் முதலில் பதிவு வரும். அரை மணித்தியாலத்தில் அங்கிருப்பவர்கள் வெக்கை தாங்காமல் வேறு மேசை கேட்பார்கள். அடுத்தநாளும் அதே மேசைக்குத்தான் பதிவு வரும்.

இந்த நாட்டு அறைகளை விமர்சித்தவர்களில் வால்ரர் பென்யமினை நாம் இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறிய அவர், அதே ஆண்டு 'அனுபவமும் வறுமையும்' என்ற கட்டுரையில் 1880களின் நடுத்தர வர்க்க வரவேற்பறையை எடுத்து அலசினார். அந்த அறையில் உரிமையாளன் தன் அடையாளத்தைப் பதிக்காத இடமே இல்லை, உள்ளே வருகிறவனுக்கு அங்கு வேலை இல்லை என்பதைத்தான் அறை முழுவதும் உணர்த்துகிறது என்பது அவர் கண்டது. இந்நாட்டு வீடுகளுக்கு விருந்துக்குப் போய், எந்த நாற்காலியில் இருப்பது என்று தெரியாமல் நின்றிருக்கும் எம்மில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அதே பென்யமின்தான் தனது பேர்லின் பாலியகால நினைவுகளில் குளிர்கால விடியல் ஒன்றை எழுதினார். இருட்டோடு வேலைக்காரப் பெண் வந்து குழந்தையின் அறையில் அடுப்பை மூட்டி, அதன் சூட்டில் ஓர் அப்பிளைச் சுட வைக்கிறாள். அந்தப் பக்கங்களில் மணம் உண்டு. கூடவே, அடுப்பை மூட்டுவதற்கு ஒரு கையும் உண்டு. சஞ்சிகைப் படங்களில் நாம் தேடுவது அந்தக் கையைத்தான்.

1938 நவம்பரில் இங்கிலாந்தின் 'ஹோம்ஸ் அன்ட் கார்டன்ஸ்' சஞ்சிகை ஹிட்லரின் மலைவீட்டை, அதாவது பேர்க்கோஃபை, அழகான வாசஸ்தலமாக வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது. அந்த வீட்டின் பெரிய மண்டபத்தில் ஒருபுறம் பிரமாண்டமான காமின், மறுபுறம் மலையைப் பார்த்த பிரமாண்டமான யன்னல். உள்ளலங்காரம் கெர்டி ட்ரோஸ்ற் என்ற பெண்மணியுடையது. அதே நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜேர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. காமின் வைத்தவரெல்லாம் ஹிட்லர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஓர் அறை 'இதமானது' என்று ஒரு சஞ்சிகை சொன்னால், அந்தச் சொல் எதையெல்லாம் மூடிவைக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எமக்குத் தெரியாது.

இனி, நெருப்பு உண்மையில் எங்கே இருந்தது என்று பார்ப்போம். எம்மில் கணிசமானோர் வாழும் றூர் பிரதேசத்தின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்க்கை நடந்தது குசினியில். 'வோன்கூஹெ' என்பது அதற்குப் பெயர்: சமையலும் இருப்பும் ஒன்றான அறை. நிலக்கரி அடுப்பில் சூப்பு கொதிக்கும். அதன் மேல் உடுப்புக் காயும். அதன் அருகில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும். நிலக்கரியைச் சுரங்கக் கொம்பனியே தொழிலாளிக்குப் பங்காகக் கொடுத்தது. 'நல்ல அறை' என்று தனியாக ஒன்று இருந்தால், அது ஞாயிற்றுக்கிழமைக்கும் நத்தாருக்கும் மட்டும் திறபடும், மற்ற நாட்களில் குளிர்ந்து கிடக்கும். எமது ஊர் வீடுகளை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. விறாந்தை வருகிறவர்களுக்கு, அடுப்படி வாழ்கிறவர்களுக்கு.

1926இல் மார்கரெற்ற ஷுற்ற-லிகொற்ஸ்கி வடிவமைத்த 'பிராங்பேர்ட் குசினி' இந்த ஒன்றிப்பை வெட்டியது. ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம், ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் அறை. வரவேற்பறைக்கும் அதற்கும் இடையில் தள்ளு கதவு. பெண்ணின் நடையைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்து, பிராங்பேர்ட்டில் மட்டும் சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. ஆனால் நெருப்பும் அதோடு நிற்கும் பெண்ணும் கதவுக்கு அப்பால் போய்விட்டார்கள். பின்னர் மத்திய சூடாக்கி வந்து, வரவேற்பறைக்கு நெருப்பே தேவையில்லை என்றாயிற்று. அதன்பிறகுதான், வேலையாக வெளியேறிய நெருப்பு அலங்காரமாகத் திரும்பி வந்தது என்பது எமது கணிப்பு. பொற்றொப் நகரின் புறொஸ்பெர்-ஹானியல் சுரங்கம் 2018 டிசெம்பரில் மூடப்பட்டதோடு ஜேர்மனியின் கற்கரி யுகமே முடிந்தது. கரியை அறியாத ஒரு தலைமுறைக்கு இன்று விறகு விற்கப்படுகிறது.

சட்டமும் இந்த அலங்காரத் தன்மையை ஒப்புக்கொள்கிறது. திறந்த காமினை 'எப்போதாவது' மட்டுமே எரிக்கலாம் என்பது விதி. எப்போதாவது என்றால் எவ்வளவு? கோப்லென்ஸ் நிர்வாக மேல்நீதிமன்றம் 1991இல் கணக்குச் சொன்னது: மாதத்தில் 8 நாள், நாளொன்றுக்கு 5 மணித்தியாலம். திறந்த காமினின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கியால் வெளியே போகிறது. போகும்போது அறைக்குள் ஏற்கெனவே சூடாகியிருந்த காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. முகம் எரியும், முதுகு விறைக்கும். 2022இல் எரிவாயு விலை ஏறியபோது சனங்கள் விறகடுப்புக்கும் விறகுக்கும் முண்டியடித்தார்கள். சிறு விறகடுப்புகளிலிருந்து வரும் நுண்துகள்கள், கார் லொறிகளின் புகைக்குழாயிலிருந்து வருவதைவிட அதிகம் என்று மத்திய சுற்றாடல் திணைக்களம் சொல்லிவருகிறது. பழைய அடுப்புகள் பலவற்றுக்கு 2024 டிசெம்பர் 31 கடைசி நாளாக இருந்தது. திறந்த காமினுக்கு அந்தக் கெடு இல்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் நாம் வைக்க விரும்புவது 'காகெல்ஓபன்' எனப்படும் ஓடு பதித்த அடுப்பை. தெற்கு ஜேர்மனியின் பண்ணை வீடுகளில் இன்றும் காணலாம். ஒருதரம் அல்லது இருதரம் மூட்டினால் போதும், களிமண் உடம்பு சூட்டை வாங்கி வைத்து நாள் முழுக்கக் கொடுக்கும். நெருப்பு அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றி ஒரு வாங்கு கட்டியிருப்பார்கள். கிழவர்கள் அதில் முதுகைச் சாய்த்து இருப்பார்கள், பூனையும் கூடவே. காமின் கண்ணுக்காக நாற்காலிகளை அடுக்குகிறது. இது முதுகுக்காக அடுக்குகிறது. வடிவமைப்பு என்ற வகையில் இதுவே உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வோம். இதிலும் ஒரு கள்ளம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அரண்மனைகளில் இவ்வடுப்புகளை வேலையாட்கள் பின்புற நடைகூடத்திலிருந்து மூட்டினார்கள். பிரபுக்கள் சூட்டைப் பெற்றார்கள், ஆளைக் காணவில்லை. பண்ணை வீட்டிலோ மறுபுறம் குசினியில் நின்று விறகு வைத்தது அந்த வீட்டுப் பெண்ணேதான்.

இது ஜேர்மனியரின் விவகாரம் என்று விட்டுவிட முடியாதபடி, காமினுக்கு எமது நாட்டிலும் ஒரு சரித்திரம் உண்டு. கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வெள்ளைத் துரைமார் தமது ஊரின் குளிரையும் அதற்கான காமினையும் சேர்த்தே நட்டார்கள். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் மாலையில் இன்றும் நெருப்பு எரிகிறது, கழுத்துப்பட்டி கட்டியவர்கள் இரவுணவுக்குப் போகிறார்கள். தோட்டத்துப் பங்களாக்கள் பல சுற்றுலா விடுதிகளாகிவிட்டன, அவற்றின் விளம்பரங்களிலும் காமின்தான் முன்னால் நிற்கிறது. அதே மலையில், அதே குளிரில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் புகைக்குள் சமைத்து அங்கேயே படுத்தது. பங்களாவில் நெருப்பு இருந்தது, புகை இல்லை. லயத்தில் புகையும் நெருப்பும் ஒன்றாகவே இருந்தன. விறகு சுமந்தது மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒரே தோள். வடக்கிலிருந்து வந்த நாம் மலையகத்தை எமது இலக்கியத்தில் ஓர் ஓரமாகவே வைத்திருந்தோம். இந்தப் படங்களைப் பார்க்கும்போதாவது அந்தக் காம்பரா ஞாபகம் வரவேண்டும்.

'எங்கட சனம் கஷ்டப்பட்டு ஒரு வீட்டை வாங்கி ஒரு காமின் வைத்தால் உங்களுக்கு ஏன் எரிகிறது?' என்று நண்பர் ஒருவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவர் அழகாக வாழ ஆசைப்படுவதில் பிழை காண எமக்கு உரிமையில்லை. ஆனால் நெருப்பை வெறும் அழகாகப் பார்ப்பதற்கு எமக்குச் சற்று அவகாசம் தேவைப்படுகிறது. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்டவர்களும் வன்னியில் தரப்பாள் கூடாரம் எரிந்ததைக் கண்டவர்களும் இன்று ஒரே சோபாவில் இருக்கிறார்கள். இங்கேயும் 1992இல் மோல்னிலும் 1993இல் ஸோலிங்கனிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்கு இரவில் நெருப்பு வைத்தார்கள். ஸோலிங்கனில் வீடு நின்ற இடத்தில், இறந்த ஐந்து பேருக்காக ஐந்து மரங்கள் நிற்கின்றன.

அந்த நண்பரின் புதிய வீட்டுக்குப் போன மார்கழியில் போயிருந்தோம். தொலைக்காட்சிக்குக் கீழே சுவர் நீளத்துக்கு மின்சாரக் காமின். விறகில்லை, புகையில்லை. விளக்கு வெளிச்சத்தில் சுவாலை ஆடுகிறது, நிறத்தை நீலமாகவும் மாற்றலாம். சூட்டுக்கு ஒரு சிறு காற்றூதி உண்டு, மின்கட்டணத்துக்குப் பயந்து அதைப் போடுவதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அவரது அம்மா அதன் முன்னால் போய்க் குந்தி, கையை நீட்டிப் பார்த்தார்.

'தம்பி, இதில ஒரு கேத்தில் வைக்கேலாதோ?'

'அது படம் மாதிரி அம்மா, சுடாது.'

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போய், சூடாக்கியில் முதுகைச் சாய்த்து இருந்தார். கொஞ்ச நேரத்தில் பேத்தி பனியில் விளையாடிவிட்டு வந்து, ஈரக் காலுறைகளைக் கழற்றி அவருக்குப் பக்கத்தில் சூடாக்கியின் மேல் காயப்போட்டாள்.