அவசரகாலமும் காணியும்: ஒரு சட்ட நூலைக் காங்கேசன்துறையிலிருந்து வாசித்தல்

அசங்க வெலிக்கலவின் ‘நிரந்தர நெருக்கடி நிலை’ எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலை மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2008இல் கொழும்பில் வெளியிட்டது. இலங்கையின் அவசரகால ஆட்சிக்கும் அடிப்படை உரிமைகளுக்குமுள்ள தொடர்பை ஆராயும் அந்நூல், நாடு அவசரகாலத்தின் கீழிருந்த வேளையிலேயே எழுதப்பட்டமை மனங்கொளத்தக்கது. காங்கேசன்துறையிலிருந்து அதனை வாசிக்கையில் எழும் ஒரு வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்: பிரகடனம் காலாவதியானதும் அவசரகாலம் முடிந்துவிடுகிறதா?

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1980இல் ஏற்றது. அதன் 4ஆம் உறுப்புரையின்படி, தேசத்தின் உயிர்வாழ்வே அச்சுறுத்தப்படும்போது, நிலைமை கோரும் அளவுக்கு மட்டுமே அரசு உரிமைகளிலிருந்து விலகலாம்; சித்திரவதைக்கு எக்காலத்தும் இடமில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்போ அவசரகால ஒழுங்குவிதிகளால் உரிமைகளை மட்டுப்படுத்த இடமளித்து, பிரகடனத்தை நீதிமன்றில் கேள்விக்குட்படுத்தும் வழியையும் அடைக்கிறது. இத்தகைய ஆய்வுகளை முதலாளித்துவ மேற்கட்டுமானத்தின் பிரச்சினை எனத் தள்ளிவிடுவது நம்மவரிடையே பழகிப்போன ஒன்று. சட்டத்தின் ஆட்சி ஆளும் வர்க்கத்தையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது என்பதை வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இலேயே வாதித்துள்ளார். அவர் மார்க்சிய மரபினர் என்பதை நினைவூட்ட வேண்டியுள்ளது.

எனினும் சட்ட நோக்கு நெருக்கடியை அரசுக்கும் குடிமகனுக்குமிடையிலான உறவாகவே காண்கிறது. அவ்வதிகாரம் எவருக்கெதிராகப் பிறந்தது? பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947இல், பொது வேலைநிறுத்தத்தின் நடுவே இயற்றப்பட்டது. அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி சுட்டுக்கொல்லப்பட்டதும் அவ்வேலைநிறுத்தத்திலேயே. 1953இல் அரிசி விலை உயர்வை எதிர்த்து எழுந்த ஹர்த்தாலின்போதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அந்த ஹர்த்தாலை நடத்திய இடதுசாரிக் கட்சிகளே 1970இல் ஆட்சியில் பங்கேற்று, 1971 முதல் 1977 வரை நீடித்த அவசரகாலத்தில் தாமும் பங்காளிகளாயின.

அதன் விளைவைக் காங்கேசன்துறை நேரில் கண்டது. தொகுதியின் உறுப்பினர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் பதவி துறந்து, புதிய அரசியலமைப்பைப் பற்றி மக்கள் தீர்ப்பைக் கோரினார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரி வரை நடைபெறவில்லை. அதில் தோற்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வீ. பொன்னம்பலம் மக்களின் மதிப்பைப் பெற்றவர். அவர் தோல்வியில் இனவுணர்வின் எழுச்சியை மட்டும் காண்போர், அவரது கட்சி பங்குபற்றிய அரசின் அவசரகாலத்தை மறந்துவிடுகின்றனர்.

1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1950 முதல் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டில் மூடப்பட்டது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2011 ஓகஸ்ட் இறுதியில் அவசரகாலம் காலாவதியாக விடப்பட்டது. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்குச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது அதற்கு அவசரகால ஒழுங்குவிதி எதுவும் தேவைப்படவில்லை. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டமே, அதாவது சாதாரண சட்டமே, போதுமாயிருந்தது. பிரகடனம், கால எல்லை, விலகல் என்னும் கருவிகளால் மட்டும் இந்த மாற்றத்தை அளக்க இயலாது. நெருக்கடி காணியில் நிலைகொண்டுவிட்டால் அதற்குப் பிரகடனம் வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்போது மேன்முறையீட்டு நீதிமன்றில் எழுத்தாணை கோரினர். 2015இன் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை இடம்பெறாத நாட்டில், உறுதி கையிலிருந்தோருக்கு இந்த வழியேனும் இருந்தது. கூலிக்கு உழைத்தோருக்கும் பிறர் காணியில் குடியிருந்தோருக்கும் மனுவில் குறிப்பிட ஒரு காணித் துண்டு இருக்கவில்லை. மீள்குடியேற்றம் காணியுடையோரின் சொல்லாயிற்று. நலன்புரி நிலையங்களில் நெடுங்காலம் எஞ்சியோருள் பெரும்பாலார் காணியற்ற இவர்களே.