கேம்பர் வேன் ஆனிங்: மழைக்குச் சரி, காற்றுக்கு?

ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் அளவிலான கேம்பர் வேனில் இருவர் தாராளமாகப் படுக்கலாம். மழை நாளில் அதே இருவர் உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு, நனைந்த கோட்டையும் ஷூவையும் கழற்றி வைக்க வேண்டுமென்றால் இடிபடாமல் முடியாது. அதனால்தான் பிரிட்டனில் வேன் வாங்கியவர்கள் அடுத்த செலவாக ஆனிங் மாட்டிவிடுகிறார்கள். கூரை ஓரத்தில் நீளமான அலுமினியப் பெட்டி. கிராங்க் கம்பியை வளையத்தில் கோத்துச் சுற்றினால் உள்ளே சுருண்டிருக்கும் துணி, முன்சட்டத்தைத் தாங்கும் இரண்டு மடக்குக் கைகளோடு வெளியே வரும். முன்சட்டத்துக்குள் மடிந்திருக்கும் இரண்டு கால்களை இறக்கி ஊன்றினால் வாசலில் ஒரு திண்ணை தயார். இத்தாலியின் ஃபியாமா, ஸ்வீடனின் தூலே இரண்டும் இதில் பெரிய பெயர்கள். நான் எழுதுவது ஒரு பிராண்டைப் பற்றி அல்ல, பெட்டி ஆனிங் என்ற வகையைப் பற்றி. நீளம் 2.6 மீட்டர், வெளிநீட்டம் 2 மீட்டர், வினைல் துணி.

பயன்படுத்திப் பார்த்த இடம் ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஹாரிஸின் மேற்குக் கரை. அட்லாண்டிக்கைக் கடந்து வரும் காற்றை மறிக்க அங்கே ஒரு தோப்புகூடக் கிடையாது.

காற்றில்லாத மழையில் இது அருமையான பொருள். பக்கக் கதவைத் திறந்தே வைக்கலாம், அடுப்பை வெளியே வைக்கலாம், உள்ளே கண்ணாடியில் ஆவி படியாது. ஒரே நிபந்தனை, ஒரு காலை மற்றதைவிட ஒரு சாண் இறக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் ஒரு மூலையாக வழிந்து கொட்டும். இரண்டு காலும் சமமாக நின்றால் துணியின் நடுவில் தொப்பை விழும். தொப்பை விழுந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் தொப்பையை இன்னும் இறக்கும். 5.2 சதுர மீட்டர் துணியில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 52 லிட்டர். அத்தனையும் தேங்கினால் ஒரு சிமெண்ட் மூட்டையை இரண்டு மடக்குக் கைகளில் தொங்கவிட்டதுபோல. பெட்டிக்கும் முன்சட்டத்துக்கும் நடுவே பொருத்தும் வளைந்த குறுக்குக் கம்பி ஒன்று தனியாகக் கிடைக்கிறது. நடுத்துணியை முதுகுபோல உயர்த்திவிடும். ஆனிங்கோடு சேர்த்தே வாங்க வேண்டியது அது.

எரிச்சலூட்டும் சங்கதி ஒன்று. பெட்டிக்கும் வேன் உடலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கூரையில் பெய்யும் மழை அதன் வழியே இறங்கி, கதவிலிருந்து குனிந்து வெளியே வருகிறவரின் பிடரியில் சொட்டும். அடைக்க ரப்பர் பட்டை உண்டு, பெரும்பாலும் தனி விலைக்கு. பல நூறு பவுண்டு வாங்கிக்கொண்டு பெட்டியை விற்பவர்கள் இதை இனாமாகவே தரலாம்.

இனிக் காற்று. மழை துணியைக் கீழே அழுத்துகிறது, கால்கள் அதற்குத்தான் இருக்கின்றன. காற்று மேலே தூக்குகிறது, அதைப் பிடித்து வைக்க அமைப்பிலேயே எதுவும் இல்லை. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றைத் துணி முழுதாக ஏந்திக்கொண்டால் சுமார் 32 கிலோ விசை. அதுவே 72 என்றால் 130 கிலோ. அந்த நிலையில் முன்சட்டம் கால்களோடு எழும்பிக் கூரைக்கு மேலே மடிந்து விழும், மடக்குக் கைகள் முழங்கையில் ஒடியும். எடுத்த எடுப்பில் அப்படி நடந்துவிடாது. முதலில் துணி உப்பும், பிறகு சட்டென்று அறையும். அதற்கடுத்து ஒரு காலின் பாதம் தரையிலிருந்து விரற்கடை எழுந்து ‘டொக்’கென்று உட்காரும். அந்த ‘டொக்’ கேட்டால் கிராங்க் கம்பியைக் கையில் எடுத்துவிட வேண்டும்.

வேனின் எதிர்ப்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, ஆனிங்கை மறைவுப் பக்கம் விரிப்பது பாதிக் கவலையைக் குறைக்கும். பாதிதான். கூரையைத் தாண்டும் காற்று அந்தப் பக்கம் சுழன்று இறங்கித் துணியை விட்டுவிட்டு உலுக்கும். முன்சட்டத்தின் மேலாகப் போட்டு இரு பக்கமும் தரைக்கு இழுத்துக் கட்டும் ஸ்ட்ராப் இங்கேதான் உதவுகிறது. அதன் நுனியில் உள்ள ஸ்பிரிங் ஒவ்வொரு வீச்சையும் வாங்கிக்கொண்டு விடும். ஆனால் ஸ்ட்ராப் எவ்வளவு உறுதியானாலும் முளை பிடித்தால்தான் உண்டு. கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகளை ஹாரிஸ் கரையோரப் புல்மணலில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். திருகி இறக்கும் முளைகள் நின்றன. சரளைத் தரைக்குத் தடித்த எஃகு முளையும் சுத்தியலும் வேண்டும்.

வானிலை அறிக்கையில் சராசரிக் காற்றைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பிரிட்டனின் மெட் ஆபீஸ் திடீர் வீச்சின் வேகத்தைத் தனியாகத் தருகிறது, ஆனிங்கைத் தூக்குவது அதுதான். அந்த எண் 40 கிலோமீட்டரைத் தொட்டால் நான் விரிப்பதில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் கடலைப் பார்க்கலாம். போஃபோர்ட் அளவுகோலின்படி, அலைகளில் எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரைத் தலைகள் தெரிந்தால் காற்று மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். அப்போதே சுருட்டிவிடுவது நல்லது. காற்று அடியோடு நின்றுபோனால் வேறு தொல்லை: மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும். அது மணிக்கு 11 கிலோமீட்டர் காற்றுக்குமேல் பறக்காது. ஆக, ஸ்காட்லாந்துக் கோடையில் ஆனிங்குக்குக் கீழே நிம்மதியாகத் தேநீர் குடிக்கக் கிடைப்பது 11-க்கும் 40-க்கும் இடைப்பட்ட நேரம்தான்.

காற்றில் சுருட்டும்போது ஒருவர் கிராங்கைச் சுற்ற, இன்னொருவர் முன்சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்தோடு சுருட்டலாம், வினைல் தண்ணீர் குடிக்காது. ஆனால் ஓரிரு நாளுக்குள் விரித்துக் காயவைக்காவிட்டால் பூசணம் பிடித்து நாற்றமெடுக்கும். தூங்கப் போகுமுன் மூடிவிட வேண்டும், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். கவனிக்க ஆளில்லாமல் விரித்து வைக்காதீர்கள், பலத்த காற்றில் சுருட்டிவிடுங்கள் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன.

பக்கச்சுவர்த் துணிகளும் விற்கிறார்கள். சாரலைத் தடுக்கும், கூடவே ஆனிங்கைப் பாய்மரமாக்கும். அந்தப் பணத்துக்கு ஸ்ட்ராப்பும் திருகு முளையும் வாங்கலாம். ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்குபவர்களுக்கு, வேனோடு இணைத்துக்கொள்ளும் தனிக் கூடாரம் மேல். சுற்றிலும் இழுகயிறு கட்டுவதால் காற்றை நன்றாகத் தாங்கும், அதை அப்படியே விட்டுவிட்டு வேனையும் எடுத்துக்கொண்டு போய்வரலாம். தினம் ஓர் ஊர் மாறுபவர்களுக்குப் பெட்டி ஆனிங்தான், ஏனென்றால் அந்தக் கூடாரத்தைக் கட்டிப் பிரிப்பதற்குள் பாதி மாலை போய்விடும். ஆர்டர் செய்யுமுன் பக்கக் கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிரிட்டன் வேன்களில் பொதுவாக இடப்பக்கம், ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானவற்றில் வலப்பக்கம். ஆனிங்கும் பிடிமானங்களும் அதற்கேற்ப மாறும்.