அனுமன் சிலையும் ஆண்டுக் கணக்கும்

குமரி மாவட்டத்துக்குச் சுற்றுலா வரும் மாணவர்கள் தவறாமல் காணும் இடங்களுள் ஒன்று சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். அங்கே ஒரே கல்லில் வடிக்கப்பட்டு நெடிதுயர்ந்து நிற்கும் அனுமன் சிலையைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகளில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. திப்பு சுல்தான் படையெடுத்து வருவார் என்று அஞ்சி 1740ஆம் ஆண்டில் இச்சிலையை மண்ணில் புதைத்தார்கள் என்றும், 1930இல் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது என்றும் அச்செய்தி கூறுகிறது. படிப்பவர்கள் வியக்கிறார்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

நாம் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திப்பு பிறந்தது 1750ஐ ஒட்டிய காலத்தில். பிறப்பதற்கே பத்து ஆண்டுகள் இருக்கும்போது அவருக்கு அஞ்சி யார் சிலையைப் புதைத்திருக்க முடியும்? திருவிதாங்கூர் மீது திப்பு படை நடத்தியது 1789-90இல். அந்தப் படையும் வடக்கே நெடுங்கோட்டை அரண் பகுதியில் போரிட்டுத் திரும்பியதே அன்றி, நாஞ்சில் நாட்டை எட்டவில்லை. 1740இல் இங்கு ஆண்டவர் மார்த்தாண்ட வர்மர். அடுத்த ஆண்டில் குளச்சலில் டச்சுக்காரர்களை அவர் படை முறியடித்தது. சிலை அந்த ஆண்டில் புதைக்கப்பட்டது உண்மையாயின், அதற்கான காரணத்தை அந்தக் காலத்து நிகழ்ச்சிகளிலேதான் தேட வேண்டும்.

இது வெறும் அச்சுப் பிழை போன்றதன்று. செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் சுமத்தும் கதை இது. அத்தகைய கதை வகுப்பறைக்குள் நுழைந்தால், அங்கே ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகளுக்கிடையே கசப்பை விதைத்துவிடும். கழித்தல் கணக்கு ஒன்றே அதைத் தடுக்கப் போதுமானது.

ரோட்ஸ் தீவின் கதை

இத்தகைய கதைகள் நம் ஊருக்கு மட்டுமே உரியன அல்ல. பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாகிய ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலையை எடுத்துக்கொள்வோம். துறைமுக வாயிலின் இரு கரைகளிலும் கால் பதித்து அது நின்றதாகவும், கப்பல்கள் அதன் கால்களுக்கு இடையே சென்றதாகவும் படம் வரைந்து காட்டுகிறார்கள். அச்சிலையின் உயரம் சுமார் 33 மீட்டர். ஒரு துறைமுக வாயிலைத் தாண்டிக் கால் விரிக்க இவ்வுயரம் போதாது. கி.மு. 226ஐ ஒட்டி நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அது முழங்காலில் முறிந்து தரையில் வீழ்ந்து கிடந்ததைப் பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். துறைமுக வாயிலின் மேல் நின்றிருந்தால் கடலில் அல்லவா வீழ்ந்திருக்கும்? கால் விரித்த சிலை பிற்காலத்தாரின் கற்பனை என்பது இதனால் விளங்கும்.

எகிப்தியப் பிரமிடின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அடிமைகள் சாட்டையடிக்கு அஞ்சிக் கட்டியது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 1990இல் கீசாவில், பிரமிடைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிரமிடின் அருகிலேயே மதிப்புடன் அடக்கம் செய்யப்பட்டவர்கள் அவர்கள். 2013இல் செங்கடற்கரையில் பாப்பிரஸ் ஏடுகள் சில கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தம் குழுவினருடன் தூரா மலைச் சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டு சென்ற நாட்குறிப்பு அது. சான்று கிடைத்ததால் பிரமிடின் பெருமை குறைந்துவிடவில்லை. கட்டிய மனிதர்களை நாம் அறிந்துகொண்டதால் கூடியே இருக்கிறது.

கல் எப்படிப் பாடுகிறது?

சுசீந்திரத்துக்குத் திரும்புவோம். அங்குள்ள இசைத்தூண்களைப் பற்றியும் கையேடுகள் ‘மர்மம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன. இங்கே நமக்கு மர்மம் தேவையில்லை, அறிவியலே போதும்.

ஒரே கருங்கல்லில் பல சிறு தூண்கள் கொத்தாகச் செதுக்கப்பட்டுள்ளன. இரு முனைகளும் பிடிப்பாக உள்ள ஒரு கல்தண்டைத் தட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து வளைந்து அதிரும். தண்டின் நீளம் இருமடங்கானால் அதிர்வெண் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். நீளம் மாறாமல் தடிமன் கூடினால் அதிர்வெண் கூடும். ஆகவே ஒரே உயரமுள்ள தூண்களிலும் தடிமனை மாற்றுவதால் சுருதியை மாற்றலாம். தூண்களின் உள்ளே குழல் இருக்கிறது என்று சொல்வாரும் உண்டு. ஹம்பியில் உள்ள விட்டலர் கோயில் இசைத்தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தூண்கள் உள்ளீடற்றவை அல்ல, கெட்டியான கல்லே என்றும், ஒலி தூண்களின் வளைவு அதிர்விலிருந்து பிறக்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள்.

சிற்பியின் திறமையை இப்போது எண்ணிப் பாருங்கள். வீணையில் சுருதி தவறினால் தந்தியை முறுக்கிச் சரிசெய்யலாம். கல்லில் ஒரு சில்லு கூடுதலாகப் பெயர்ந்தால் அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. மேலும், சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்த்துக் கீறலைக் கண்டுபிடிக்கிறாரே, அதே விதி இங்கும் பொருந்தும். விரிசல் கண்ட தூண் தன் ஓசையை இழந்துவிடும். ‘தட்டிப் பாருங்கள்’ என்று எழுதும் கையேடு, தான் புகழும் பொருளுக்கே ஊறு செய்கிறது.

எழுதாமல் விட்டவை

கையேடுகள் கூறுவதைப் போலவே அவை கூறாமல் விடுவதும் ஆராய்ச்சிக்கு உரியது. மார்த்தாண்டத்துக்கு அருகேயுள்ள சிதறால் மலையைப் பலவும் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. திருச்சாரணத்துமலை என்ற பழம்பெயர் கொண்ட அந்த மலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குறத்திகள் என்ற சமணப் பெண் துறவி அங்குள்ள தேவிக்குப் பொன் அணிகலன் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அவருடைய ஆசிரியர் பெயரும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் நம் மண்ணில் ஒரு பெண் துறவியாகவும் கொடையாளராகவும் பெயரோடு விளங்கினார் என்பதைவிட வியப்பான செய்தி வேறென்ன வேண்டும்?

சுசீந்திரத்திலும் இப்படியே. அனுமன் சிலை வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் 1930இல்தான், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவும் உரிமையற்றிருந்த மக்களுக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1926இலும் அது நடந்திருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பின்னரே கோயில் கதவுகள் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தன. கற்களின் உயரத்தை அளந்து கூறுவோர், அவற்றைக் காண வழியின்றி வெளியே நின்றவர்களையும் கூறுவதே முறை.

கையேடுகள் முற்றிலும் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. வழியும் நேரமும் அவற்றால்தான் தெரிகின்றன. ஆர்வமும் அவற்றால்தான் பிறக்கிறது. ஆனால் நல்ல முன்மாதிரி நம்மிடம் இருக்கிறது. வரலாற்றுப் பேராசிரியர் கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதிய ஆங்கில ஆய்வு நூல் 1953இலேயே வெளிவந்துவிட்டது. அத்தகைய உழைப்பின் பயன், நுழைவாயிலில் சில ரூபாய்க்கு விற்கும் தமிழ்க் கையேட்டிலும் இடம்பெற வேண்டும்.

அதுவரை மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஆண்டுக் கணக்கு பொருந்துகிறதா? கல்வெட்டோ ஏடோ சான்று உண்டா? இயற்கை விதிக்கு ஒத்துவருகிறதா? இம்மூன்றையும் கேட்ட பின்னும் சுசீந்திரத்தில் வியப்பதற்கு நிறையவே மிஞ்சும்.